ஒரு மெழுகுக் கட்டிக்காக நாலு நடை: நைனாவை லிம்ஃபோமா ட்ரையலில் சேர்த்த அனுபவம்

என் அப்பா நைனாவுக்கு ட்ரையலில், அதாவது புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வில், மூன்றாவது சைக்கிள் (மருந்துச் சுற்று) முடிந்து போன வாரம்தான் குடியாத்தம் திரும்பினோம். நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இதே அலைச்சலில் வேறு குடும்பங்களும் இருக்கும், அவர்களுக்கு ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நைனாவுக்கு 61 வயது. லுங்கித் தறியே வாழ்க்கை. வந்தது டி.எல்.பி.சி.எல். (டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்ஃபோமா) என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு சைக்கிளும் முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. 14 மாதம் நன்றாக இருந்தார். அப்புறம் கழுத்தில் அதே இடத்தில் மறுபடியும் கட்டி. வயதையும் எக்கோ ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, ஸ்டெம் செல் மாற்று வேண்டாம் என்றார் டாக்டர். "ட்ரையல் எதுலயாவது சேர முடியுதான்னு பாருங்கம்மா. ஆனா சீக்கிரம் பாருங்க" என்றார். எங்கே பார்ப்பது என்று கேட்டதற்கு, ஒரு சீட்டில் சி.டி.ஆர்.ஐ. என்று எழுதிக் கொடுத்தார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்துகிற, இணையத்தில் தேடக்கூடிய ட்ரையல் பதிவேடு அது. இந்தியாவில் நடக்கும் ட்ரையல்கள் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதில் பதிவாக வேண்டும். 2009-இலிருந்து இது கட்டாயம். லிம்ஃபோமா என்று மட்டும் போட்டுத் தேடினால் நமக்குச் சம்பந்தமில்லாததெல்லாம் வந்து குவியும். நோயின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், எந்தெந்த ஊரில் எந்த டாக்டர் என்பதெல்லாம் போன் நம்பரோடு இருக்கும். ஆள் சேர்ப்பு நிலை என்று இரண்டு வரி இருக்கும்: ஒன்று உலக அளவில், ஒன்று இந்தியாவில். நமக்கு வேண்டியது இந்தியா வரி.

அந்த வரியை நம்பித்தான் முதல் தடவை ஏமாந்தோம். 'ஓப்பன் டு ரெக்ரூட்மென்ட்' என்று இருந்தது. மார்ச் மாதம் ஒரு நாள், விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து, நைனாவையும் கூட்டிக்கொண்டு சென்னையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று மாடி ஏறி இறங்கிக் ட்ரையல் வேலைகளைப் பார்க்கும் கோஆர்டினேட்டரைக் கண்டுபிடித்தபோது மணி 12. "அது போன மாசமே குளோஸ் ஆயிடுச்சே, யாரும் சொல்லலையா?" என்றார். யார் சொல்வார்கள்? பதிவேட்டில் இன்னும் மாற்றவில்லை, அவ்வளவுதான். திரும்பி வரும்போது ரயிலில் நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. அரக்கோணம் தாண்டியதும், "என்னை வூட்லயே வுட்டுட்டு நீ மட்டும் வந்து கேட்டிருக்கலாம் பாப்பா" என்றார். சரியாகத்தான் சொன்னார். போன் போடாமல், "இப்போது இடம் இருக்கிறதா, உங்கள் சென்டரில் கடைசியாக எப்போது ஆள் சேர்த்தீர்கள்" என்று கேட்காமல், நோயாளியைக் கிளப்பாதீர்கள்.

அடுத்த பத்து நாளும் போன்தான். பெங்களூரில் ஒரு இடத்தில் கோஆர்டினேட்டர் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அங்கே மூன்றாம் கட்ட ட்ரையல் நடந்துகொண்டிருந்தது. புது மருந்து ஒரு பக்கம் புற்று செல்லின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தையும், இன்னொரு பக்கம் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி செல்லான டி செல்லையும் பிடித்து இரண்டையும் கிட்டே கொண்டுவந்துவிடும். டி செல் புற்று செல்லைக் கொல்லும். ஏற்கெனவே ரிடுக்ஸிமாப் (ஆர்-சாப்பில் உள்ள, இதே சிடி20-ஐப் பிடிக்கும் மருந்து) வாங்கியவர்களுக்கு நோய் திரும்பும்போது சில சமயம் சிடி20 இல்லாமலே போய்விடுமாம். அதனால் புதுக் கட்டியில் எடுத்த பயாப்ஸியின் பாரஃபின் ப்ளாக், அதாவது சதைத் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி, கட்டாயம் வேண்டும் என்றார். அதிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்லைடு போதாது, ப்ளாக்கே வேண்டும்.

அந்த ப்ளாக்குக்கு நான் நடந்த நடையைச் சொல்கிறேன்.

பயாப்ஸி எடுத்தது வேலூரில் ஒரு நர்சிங் ஹோம். முதல் நடை: அங்கே கவுன்டரில், "எங்ககிட்ட இல்ல, லேப்ல கேளுங்க" என்றார்கள். இரண்டாம் நடை: லேப்பில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ப்ளாக்லாம் வெளிய தர்றது இல்லம்மா, ஸ்லைடு வேணும்னா ரெண்டு தரோம்" என்றார். ட்ரையலுக்கு என்று விளக்கினேன். "டாக்டர் லெட்டர் எதுனா இருக்குதா?" என்று கேட்டார். லெட்டர் வேண்டும் என்பதை நர்சிங் ஹோமிலேயே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும். மூன்றாம் நடை லெட்டரோடு. அன்றைக்கு, நோயாளியின் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் இல்லை, இன்சார்ஜ் மேடமும் லீவு. ஏப்ரல் வெயிலில் குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் பஸ்ஸில் இப்படி அலைந்தேன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் சம்பளம் போனது.

நாலாம் நடையில் ஒன்று செய்தேன். விண்ணப்பத்தை இரண்டு பிரதி எழுதி, டாக்டர் லெட்டர், ஆதார் நகல், நைனா கையெழுத்து எல்லாம் வைத்து, ஒரு பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னதுமே உள்ளேயிருந்து மேடம் வந்துவிட்டார். அரை மணி நேரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர் கைக்கு வந்தது.

வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஏதோ தோன்றி, ரிப்போர்ட்டை எடுத்து பயாப்ஸி நம்பரோடு சேர்த்துப் பார்த்தேன். கடைசி இரண்டு எண் மாறியிருந்தது. அது வேறு யாருடையதோ. கை நடுங்கிவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் யாரோ ஒருவரின் கட்டியைப் பார்த்து நைனாவுக்கு முடிவு சொல்லியிருப்பார்கள். அந்த ஆளுக்கும் அவருடைய ப்ளாக் இல்லாமல் போயிருக்கும். சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு "சாரி" இல்லை. நம்பர், பெயர், இனிஷியல், வயது இந்த நாலையும் கவுன்டரிலேயே நின்று ரிப்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள்.

பிஸ்கட்டில் பாதி அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம். அதில் மெழுகு, மெழுகுக்குள் மிளகைத் தட்டிப் போட்ட மாதிரி ஒரு துணுக்கு. ஓரத்தில் பென்சிலில் நம்பர். நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பொட்டுக்குள்ளதான் என் சீக்கு இருக்குதா?" என்று கேட்டார். மெழுகு இளகக் கூடாது என்பதால் வண்டி சீட்டுக்கு அடியிலோ வெயில் படுகிற இடத்திலோ வைக்க வேண்டாம் என்று கோஆர்டினேட்டர் சொல்லியிருந்தார். நம் ஊர் வெயிலுக்கு அது முக்கியம். எவர்சில்வர் டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து, பெங்களூர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். ட்ரையலில் சேர்க்கலாமா என்று பார்க்கும் ஸ்கிரீனிங் அன்று, "கடைசி ஒரு மாதத்தில் சாப்பிட்ட மாத்திரையெல்லாம் காட்டுங்கள்" என்றார்கள். பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிரெட்னிசோலோன். கழுத்து வீங்குகிறது, விழுங்க முடியவில்லை என்று நைனா சொன்னதற்கு, ஊரில் பார்க்கும் டாக்டர் நல்லெண்ணத்தில் கொடுத்தது. ஆர்-சாப்பில் இருப்பதும் இதே ஸ்டீராய்டுதான். இது லிம்ஃபோமா கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும்; அப்புறம் புது மருந்து வேலை செய்ததா, இது செய்ததா என்று அளக்க முடியாது. டாக்டர் பார்த்து முறையாகக் குறைத்து நிறுத்தி, 14 நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த 14 நாளில் கட்டி நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது. தினம் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா சமையல்கட்டுக்குள் போய் அழுவாள். ட்ரையல் தேடுகிறோம் என்பதைப் பார்க்கிற ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லுங்கள். புதிதாக எந்த மாத்திரையையும் ட்ரையல் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கேட்காமல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

அந்த இரண்டு வாரத்தில் இன்னொரு வேலை நடந்தது. ஒப்புதல் படிவம் அங்கே ஆங்கிலம், கன்னடம், இந்தியில்தான் இருந்தது. நைனா தமிழ் மட்டும் படிப்பார். "நாங்க விளக்கிச் சொல்றோம், கையெழுத்துப் போடட்டும்" என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் உடம்பு, அவர் படிக்க வேண்டும். ட்ரையலில் நோயாளிகளின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியோடு தமிழ்ப் படிவம் வந்தது. நைனா இரண்டு நாள் வைத்துப் படித்தார். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்ற இடத்தில் நிறுத்தி, "சீட்டுக் குலுக்கலா? புது மருந்து கிடைக்கலைன்னா?" என்று கேட்டார். கிடைக்காவிட்டால் இப்போது வழக்கத்திலிருக்கும் சிகிச்சை கிடைக்கும், வெறும் தண்ணீர் ஊசி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும். ட்ரையலால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளின்படி உண்டு. எத்திக்ஸ் கமிட்டி நம்பர் படிவத்திலேயே இருக்கிறது. அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரையல் மருந்துக்கு எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டே வந்துவிடுங்கள்.

நைனாவுக்குப் புது மருந்துப் பிரிவுதான் விழுந்தது. முதல் டோஸைக் கொஞ்சமாகக் கொடுத்து ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். அன்று ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அறிவு தெரிந்த நாளிலிருந்து நைனா அதைத் தவறவிட்டதில்லை. ராத்திரி 102 டிகிரி காய்ச்சல், உடம்பு தூக்கிப் போட்டது. இப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயத்தை அடக்கிக்கொள்ள முடிந்தது. நர்ஸ் ஒரு மணிக்கு ஒரு தடவை வந்து பார்த்தார். சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிரசு ஊர்வல வீடியோவை, காய்ச்சல் இறங்கிய பிறகு, விடியற்காலை நாலு மணிக்குப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

போன வாரம் பெட் சிடி (புற்று இருக்கும் இடம் ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன்) எடுத்தார்கள். கழுத்தில் இருந்தது போய்விட்டது. வயிற்றில் ஒன்று மட்டும் இன்னும் ஒளிர்கிறது, ஆனால் முன்பைவிட மங்கலாக. அடுத்த டோஸ் வியாழக்கிழமை. ரயில் சலுகைக்கான படிவத்தில் ஆஸ்பத்திரி முத்திரை வாங்கியாகிவிட்டது. ப்ளாக்கில் வேலை முடிந்ததும் மீதியைத் திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் ஒப்புகைக் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன்.