ஆட்டத்தைத் துறந்த பல்கலைக்கழகம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை ஆட்டம்) என்றதும் மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களின் பெயர்களைத்தான் பலரும் சொல்வார்கள். என் மனமோ அந்த ஆட்டத்தின் உச்சியில் நின்று, பிறகு அதையே கைகழுவிய சிகாகோ பல்கலைக்கழக அணியிடம்தான் போகிறது.

வகுப்புகள் தொடங்கிய 1892-ஆம் ஆண்டிலேயே பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக், 1932 வரை அப்பதவியில் இருந்தார். இன்று பிக் டென் எனப்படும் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பை 1896-இல் தோற்றுவித்த ஏழு நிறுவனங்களுள் சிகாகோவும் ஒன்று. தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் அணியை 1905-இல் அது வீழ்த்தியது. எதிரணி வீரர் ஒருவரை அவருடைய எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கியதால் கிடைத்த 2 புள்ளிகளே அந்த ஆட்டத்தின் மொத்தக் கணக்கு!

கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்குத் தரப்படும், பின்னாளில் ஹைஸ்மன் என்று பெயர் பெற்ற கோப்பையை 1935-இல் முதன்முதலாக வென்ற ஜே பெர்வாங்கரும் சிகாகோ வீரரே. மறு ஆண்டு நடந்த தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.-இன் முதல் வீரர் தேர்விலும் முதற்பெயர் அவருடையதுதான். இருந்தும் தொழில்முறை ஆட்டத்தில் அவர் கால் வைக்கவே இல்லை. அந்தக் கோப்பையோ அவருடைய அத்தை வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

நான்கே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1939-இல் மிச்சிகனிடம் 85–0, ஹார்வர்டிடமும் ஒஹையோ ஸ்டேட்டிடமும் 61–0 எனத் தோற்ற அணி, அவ்வாண்டு டிசம்பரில் கலைக்கப்பட்டது. கல்விக்கு இந்த ஆட்டம் இடையூறு என்று கருதிய பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸின் கொள்கை உறுதியைப் பலரும் புகழ்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெற்றி குவிந்துகொண்டிருந்த காலமாக இருந்திருந்தால், அதே முடிவுக்கு அறங்காவலர்கள் அவ்வளவு எளிதில் கைதூக்கியிருப்பார்களா என்பது என் ஐயம்.

அந்த அணி ஆடிய, ஆரவாரம் அடங்கிய ஸ்டாக் திடலின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே, சுவரில் மட்டையால் பந்தடிக்கும் ராக்கெட்ஸ் ஆட்டத்துக்கென்று கட்டப்பட்டிருந்த கூடத்தில், கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கடுக்காக வைத்து, 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழுவினர் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினார்கள்.

1969-இல் கால்பந்து அணி மீண்டு வந்தது. இப்போது அது விளையாட்டுக்கென உதவித்தொகை எதுவும் தராத, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில், வேறொரு திடலில் ஆடுகிறது. அந்தத் திடலுக்கும் ஸ்டாக்கின் பெயர்தான். பழைய திடல் இருந்த இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் நிற்கிறது.