மண்டபத்தில் இந்த மாதங்கள் (2022)

மார்ச் 23
நேற்று மட்டும் இலங்கையிலிருந்து 16 பேர் படகில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அதில் ஆறு பேரை தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் விட்டுவிட்டுப் படகுக்காரன் திரும்பிவிட்டான். கடலோரக் காவல் படை ஹோவர்கிராஃப்ட்டில் போய் ஏற்றி வந்தது. நாலு மாதக் கைக்குழந்தையும் அவர்களோடு இருந்ததாம். அந்தத் தீடையில் நிழலுக்கு ஒரு செடி கிடையாது. பங்குனி வெயில் வேறு.

மார்ச் 24
இவர் கடலிலிருந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மறுபடியும் சண்டையா?" சண்டை இல்லை, விலைவாசி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இன்னும் வருவாக" என்றார்.

மார்ச் 30
யாழ்ப்பாணம், மன்னார் எல்லாம் ஒரு நாளைக்கு 10 மணி நேரம் கரண்ட் இல்லையாம். 1990-இல் இருந்து இங்கே மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் அக்கா போனில் பேசிவிட்டு வந்து சொன்னார். 400 கிராம் பால்மா 790 ரூபாய், அவர்கள் காசில். மண்ணெண்ணெய் இல்லாததால் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கின்றன. கடலுக்குப் போகாத மீனவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எங்கள் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏப்ரல் 2
அங்கே அவசரநிலை அறிவித்துவிட்டார்கள். தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 10
இன்றைக்கு லாரியடியில் கைகலப்பு ஆகப் பார்த்தது. எழுதி வைக்காவிட்டால் இது தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

முகாமில் மோட்டார் பழுது. அங்கிருந்த பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரிக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்கே லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். மேலத் தெருவிலிருந்து தள்ளுவண்டியில் 12 குடம் அடுக்கிக்கொண்டு வந்த மதினி, "உங்களுக்குத்தான் கவர்மெண்டு எல்லாம் குடுக்குதே, தண்ணியுமா இங்க வந்து பிடிக்கணும்?" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், இடுப்பில் பிள்ளையோடு, "நாங்கள் ரெண்டு குடம்தான் அக்கா கேட்டனாங்கள்" என்றாள். அதற்குள் பின்னால் இருந்து யாரோ குடத்தை உதைத்துவிட்டார்கள்.

மதினி கெட்டவர் இல்லை. 2008, 2009-இல் இதே கரையில் வந்து இறங்கியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர். இன்றைக்கு அவருக்கு வந்த கோபம், லாரி அவர் முறை வருவதற்குள் தீர்ந்துவிடும் என்ற பயம். வீட்டுக்கு இத்தனை குடம் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது. ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் யாரும் அந்த இடத்தில் இல்லை.

இன்னொன்று, அந்த லட்ச ரூபாய்ப் பேச்சு. படகில் வந்து இறங்கினாலே ஆளுக்கு லட்ச ரூபாய் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். வரிசையில் நாலு பேர் அதையே சொன்னார்கள். பதிவில் உள்ள பழைய முகாம் குடும்பங்களுக்கே, 2021-இல் உயர்த்திய பிறகுதான், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500. அவ்வளவுதான். நான் சொன்னேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவள் சொன்னாலே நம்பவில்லை என்றால், இதை ஆபீசிலிருந்து ஒரு ஆள் வந்து தெருவில் நின்று சொல்ல வேண்டும். பலகையில் எழுதிப் போடக்கூட ஒரு மணி நேரம் ஆகாதே.

ஏப்ரல் 11
குடத்தை உதைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேர் சொல்லவில்லை.

ஏப்ரல் 13
அப்பத்தா சிலேட்டு கேட்டார். எதற்கு என்றால், "தண்ணி வரிசைக்குத்தான்." அவர் பேத்தியின் பழைய சிலேட்டைத் துடைத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு லாரியடியில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர் பேர், எத்தனை குடம், அடுத்து யார். எழுதியது நான், சொன்னது அவர். தெருக்காரர் நாலு குடம், முகாம்காரர் நாலு குடம், கைப்பிள்ளைக்காரி முதலில். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. அப்பத்தாவிடம் யார் பேசுவது!

அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் ஊரே போனபோது அவருக்குப் பத்து வயது இருக்கும். ரயில் கவிழ்ந்த கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். இன்றைக்குச் சொன்னது வேறு. ராமேஸ்வரம் பக்கம் வந்து குடிசை போட்டபோது, கிணற்றடியில் "நீங்க எப்பப் போவீக?" என்று ஒருத்தி கேட்டாளாம். போக ஊர் இல்லை என்று சொல்லத் தெரியாமல் நின்றாராம். அறுபது வருசம் ஆகப் போகிறது, கேட்டவளின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுவரை சொல்கிறார்.

ஏப்ரல் 15
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில். இவர் காலையிலேயே எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறார்.

ஏப்ரல் 21
பயந்தது நடந்துவிட்டது. நண்டு உடைக்கிற கம்பெனியில் கூலியைக் குறைத்துவிட்டார்கள். 350 இருந்தது 250. "வேணாம்னா போங்க, முகாம்ல இருந்து 200-க்கு ஆள் வருது" என்று மேஸ்திரி சொன்னானாம். எங்கள் குழுவில் ஆறு பேருக்கு அதுதான் வருமானம். வீட்டு ஆம்பளைக்குத் தொழில் இல்லாத நேரம் பார்த்து இது.

சாயங்காலம் திண்ணையில் வைத்துப் பேசியதெல்லாம் முகாம்காரர்களைப் பற்றித்தான். மேஸ்திரியை ஒருவர்கூடத் திட்டவில்லை! கூலியைக் குறைத்தவன் அவன். பசித்தவள் 200-க்கு வருவாள்தான், நானாக இருந்தாலும் வருவேன்.

ஏப்ரல் 23
முகாமுக்குப் போய் அந்த அக்காவைப் பார்த்தேன். 350-க்குக் குறைந்து யாரும் போகக்கூடாது, இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்லலாம் என்றேன். அவர் சொன்னது: "பிள்ளை, நாங்கள் முகாம்ச் சனம். சாயந்தரம் கணக்கெடுக்கிற நேரத்துக்குள்ள உள்ளுக்கு நிக்க வேணும். நாங்கள் போய் முதலாளியோட கூலிக்குச் சண்டை பிடிச்சால் முதல்ல எங்களைத்தான் விசாரிப்பினம்." உண்மைதான். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அவர்கள் பட்டது எனக்குச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம். பழகியவர்கள்கூட முகம் திருப்பிக்கொண்டார்கள். கல்லூரி இடங்கள்கூட நிறுத்தப்பட்டு 1996-இல்தான் திரும்பக் கிடைத்தன. அதனால் பேசுவது எங்கள் பக்கமாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் சேர்த்து நாங்கள்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 25
350-க்கு ஒத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும். முகாம் பெண்களுக்கும். நாங்கள் 22 பேர் போய் நின்றோம், ஒரு மணி நேரம். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஏப்ரல் 30
நேற்று சட்டமன்றத்தில் தீர்மானம். 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து எல்லாம் இலங்கைக்கு அனுப்ப மத்திய அரசு அனுமதி தர வேண்டும் என்று. எனக்கு மனசு நிறைந்தது. ஆனால் டீக்கடையில் இவர் காதால் கேட்டது: "நம்ம தடைக்கால நிவாரணம் இன்னும் வரல, அங்க 40,000 டன்னாம்." இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. அங்கே கொடுப்பதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. தங்களை மறந்துவிட்டார்களோ என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி புளிக்க விட்டால் வெறுப்பாகத்தான் முடியும்.

மே 4
சிலேட்டைக் காணோம்.

மே 5
புதுச் சிலேட்டு வாங்கிவிட்டோம். முகாமிலிருந்து அந்தக் கைப்பிள்ளைக்காரி இப்போது எழுதுகிறாள், ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விசாரித்தால், இங்கேதான் ஐந்தாம் வகுப்புவரை படித்தாளாம்! முகாமிலேயே பிறந்தவள். போர் முடிந்து குடும்பத்தோடு மன்னாருக்குத் திரும்பினாள். அங்கே வீடு கட்டி, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, இப்போது மறுபடி இங்கே. "சண்டைக்குப் பயந்து அம்மா வந்தவ. நான் பசிக்குப் பயந்து வந்தனான்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

மே 10
கொழும்பில் அடிதடி, தீ வைப்பு. பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகிவிட்டார். முகாமில் எல்லார் கையிலும் போன். லாரி வந்தும் பாதிப் பேர் வரவில்லை.

மே 18
சென்னையிலிருந்து இலங்கைக்கு முதல் கப்பல் கிளம்பிவிட்டது. முதலமைச்சர் கொடியசைத்தார். மதினியும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். "பால் பவுடரும் போகுதாமே, நல்லது" என்றார். தடைக்கால நிவாரணமும் கையில் வந்துவிட்டது, அதனால்தான் இந்த வார்த்தை வந்தது என்று எனக்குத் தெரியும். வரட்டுமே.

மே 29
எங்கள் ராமேஸ்வரத்துச் சித்தப்பாவின் படகு இன்னும் அந்தக் கரையில்தான் கிடக்கிறது. இலங்கை நேவி பிடித்து வைத்தது பிடித்து வைத்ததுதான். வருசம் ஒன்று. கடன் மட்டும் ஏறுகிறது. அவரிடம் போய் முகாம்காரர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கு.

ஜூன் 6
இதை எப்படி எழுத என்று தெரியவில்லை.

தடைக்காலத்தில் வலை பழுது பார்ப்பது வழக்கம். சித்தப்பா கரையில் வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகாமில் புதிதாக வந்த ஒருவர், மன்னார் பக்கம் பேசாலைக்காரர், ஐம்பது வயது இருக்கும், அந்தப் பக்கமாக வந்தவர் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்காமலே உட்கார்ந்து, ஊசியை எடுத்து, கிழிந்த இடத்தின் ஓரத்தை வெட்டிச் சமன் செய்துவிட்டுப் பின்ன ஆரம்பித்தார். கண்ணிக்குக் கண்ணி விரல் நடுவில் அளவு பார்த்து, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கி. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அரை மணி நேரம் கழித்து பேசாலைக்காரர்தான் பேசினார். "இந்த மாதிரி என்ர வலை நாலு தரம் அறுந்து போச்சு, அண்ணை. உங்கட இழுவைப் படகு வந்து போனாப் பிறகு." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா முகம் சுருங்கியது. "என் படகு ஒங்க நேவிகிட்ட கெடக்கு" என்றார். "ஓம், நானும் துறையில பார்த்திருக்கிறன், இந்தியாப் படகுகள் வெயில்ல பிளந்துபோய்க் கிடக்கும். பார்க்க ஏலாது."

அதற்கப்புறம் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. இருவரும் இருட்டும் வரை பின்னினார்கள். இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், பேசமாட்டோம். ஏனென்றால் பேசினால் தொழிலை விட வேண்டும், கடனை யார் அடைப்பது. அந்தக் கரையின் நியாயத்தை அந்தக் கரைக்காரர் வாயாலேயே கேட்டது இன்றைக்குத்தான். ஒப்பந்தம் பேசுகிறவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 15
படகுகள் போய்விட்டன. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது, நிம்மதியாக.

ஜூன் 19
பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். முகாம்ப் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் மொத்தமாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அப்பத்தாவின் பேத்தி சொன்னாள். டீச்சரிடம் போய்க் கேட்க வேண்டும். கலந்து உட்கார வைத்தால் பிள்ளைகள் தானாகப் பழகும். சாயங்கால வகுப்பு எங்கள் குழு இடத்தில் வைத்தால் இரண்டு பக்கப் பிள்ளைகளும் வரலாம். முகாமுக்குள்ளே வைத்தால் எங்கள் பிள்ளைகள் போக முடியாது, அதிலிருந்தே அடுத்த புகைச்சல் வரும்.

ஜூன் 28
கோதண்டராமர் கோவில் கடற்கரையில், இலங்கையிலிருந்து வந்த ஒரு வயதான கணவன் மனைவி மயங்கிக் கிடந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அப்பத்தா சாப்பிடவில்லை.

ஜூலை 3
அந்த அம்மா மதுரையில் இறந்துவிட்டார்.

மதினி வந்து கேட்டார், "சொந்தக்காரங்க யாரும் இருக்காகளா, இல்லாட்டி நாம போகணுமா?" சொன்னபோது அழுதுகொண்டிருந்தார். ஏப்ரலில் தண்ணீருக்குச் சண்டை போட்டவரும் இவர்தான். இரண்டுமே அவர்தான்.

ஜூலை 10
கொழும்பில் ஜனாதிபதி கோட்டாபயவின் மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்துவிட்டார்கள். நீச்சல் குளத்தில் குளிக்கிறதை எல்லோரும் போனில் காட்டுகிறார்கள். முகாம்ப் பெண் பார்த்தாள், சிரிக்கவில்லை. "இதுக்குப் பிறகு மா விலை இறங்குமா அக்கா?" என்றாள்.

ஜூலை 12
வகுப்புக்கு 31 பிள்ளைகள். பாய் போதவில்லை.

ஜூலை 14
கோட்டாபய நாட்டை விட்டே போய்விட்டார். இனி படகு நிறைய வருமா குறையுமா என்று டீக்கடையில் பந்தயம் கட்டாத குறை. எனக்கு அது இல்லை இப்போது கவலை. லாரிக்காரர் போன் பண்ணினார்: நாளையிலிருந்து இரண்டு நடை கிடையாது, ஒரு நடைதானாம். முகாம் மோட்டாரை மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி நின்றுவிட்டது. நாலு குடம் இனி கட்டாது. இரண்டு என்றால், ஏழு பேர் இருக்கிற வீட்டுக்கும் இரண்டா? தலைக் கணக்கு போட்டால் முகாமுக்குக் கூடுதலாகப் போகும், அதைக் காலையிலேயே தெருவுக்குச் சொல்லிவிட வேண்டும், லாரி வந்த பிறகு சொன்னால் கெட்டுவிடும். மதினியைக் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கே வீடு வீடாகப் போக வேண்டும். ஆபீசுக்கு மனு இன்றைக்கே எழுதிவிடலாம், இரண்டு பக்கக் கையெழுத்தும் வாங்கிவிடலாம்.