இமையை மூடியது யார்?

ஐப்பசி 4
வெண்ணாற்றங்கரை மோட்டார் கொட்டகையிலிருந்து மதியம் வந்த உடலின் இமைகள் நன்றாக மூடியிருந்தன. விலக்கிப் பார்த்தபோது, கருவிழிக்கு இருபுறமும் வெள்ளை விழியின் மேல் முக்கோணமாகப் பழுப்புப் பட்டை தெரிந்தது. இமை திறந்து கிடந்து, வெள்ளை விழி காற்றில் உலர்ந்து தூசி படிந்தால்தான், பொதுவாக மூன்று நான்கு மணி நேரத்தில், அது தோன்றும். அப்படியானால் திறந்திருந்த கண்களை யாரோ பிறகு மூடியிருக்கிறார்கள். பிரேத விசாரணை அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரண்டு மணிக்குக் கடைக்கண் வழியாக ஊசியை மெல்லச் செலுத்தி, கண்ணுக்குள் இருக்கும் விழிநீர்மத்தை எடுத்தேன். இறந்த பின் அதில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும்; அதை வைத்து இறந்த நேரத்தைக் கணிக்கலாம். வேகமாக இழுத்தால் விழித்திரைச் செல்களும் கலந்து பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும். முகம் பார்க்க வருவோருக்காக உப்புநீர் ஏற்றிக் கண்களை நிமிர்த்தி வைத்தேன்.

ஐப்பசி 5
விடாத மழை. ஆய்வக முடிவு வரவில்லை.

ஐப்பசி 7
பொட்டாசியம் லிட்டருக்கு 8.5 மில்லிமோல். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டர்னர் தந்த சூத்திரப்படி 7.14-ஆல் பெருக்கி 39.1-ஐக் கழித்தால், இறந்து 21.6 மணி நேரம்; 1989-இல் ஜெர்மனியின் மடேயா குழுவினர் தந்தபடி 5.26-ஆல் பெருக்கி 30.9-ஐக் கழித்தால் 13.8. ஒன்று முந்தைய நாள் மாலை நான்கரை மணியைச் சொல்கிறது, மற்றொன்று நள்ளிரவை. இரவு ஒன்பது மணிக்குக் கடைத்தெருவில் இறந்தவரைக் கண்டதாக ஒருவர் சொல்கிறார். வெப்பம் கூடினால் பொட்டாசியம் விரைவாக ஏறும் என்பதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் எந்தக் கணக்கும் நேரத்தை நீட்டியே காட்டும். அந்தச் சாட்சி பொய் சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஐப்பசி 8
கண்ணை மூடியது யார்? கண் தானம் பெற வருகிறவர்கள் இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்வார்கள். கருவிழியைக் காக்கும் அந்தப் பக்குவம் எனக்குத் தடயமான பழுப்புப் பட்டையைத் தோன்றவே விடாது.

ஐப்பசி 9
இறந்தவரின் அக்காள் சான்றிதழுக்காக வந்திருந்தார். கேட்டேன். "திறந்த கண்ணோட எப்படிங்க டாக்டரம்மா விட்டுட்டு வர்றது? நான்தான் தடவி மூடினேன்" என்றார். எப்போது என்றதற்கு, பால் வண்டி ஹாரன் அடித்த நேரம் என்றார். அந்த வண்டி காலை ஆறு மணிக்கு வருமாம். பட்டை தோன்ற அதற்கு முன் மூன்று நான்கு மணி நேரமாவது கண் திறந்திருக்க வேண்டும். ஆகவே இறப்பு இரவு இரண்டு மூன்று மணிக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. கொட்டகையின் ஈரத்தில் விழி மெதுவாகவே உலர்ந்திருக்கும் என்பதால் அதற்கும் முன்னதாகவே இருக்கலாம்.

ஐப்பசி 11
அறிக்கையில் ஒற்றை மணி நேரத்தை எழுதப் போவதில்லை. அந்த அம்மாளின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்யுமாறு காவல் ஆய்வாளருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.