மேம்பாலத்தின் நடுவில் இடப்புறம் திரும்பச் சொன்ன வரைபடம்

மேம்பாலத்தில் பாதி தூரம் போனதும் வழிகாட்டிச் செயலி இடப்புறம் திரும்பச் சொல்கிறது என்று, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ ஒரு குறிப்பு போட்டிருந்தார். நான் கவனித்துவரும் பகுதி அது. திறந்து பார்த்தால் பாலத்தின் கோடு இருந்தது, கீழே போகும் சாலையும் இருந்தது. பெரிதாக்கி எடிட்டரில் பார்த்தபோதுதான் புரிந்தது: இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு பொதுப் புள்ளி. புள்ளி பொதுவாக இருந்தால் அங்கே ஒரு சந்திப்பு இருக்கிறது என்றுதான் வழி கணக்கிடும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

நடந்தது இதுதான். புதிதாகத் திறந்த பாலத்தை முதலில் வரைந்தவர் ‘பாலம்’ என்ற டேக்கையும் (இது என்ன பொருள் என்று சொல்லும் குறிச்சொல்) லேயர் எண்ணையும் (எது மேலே, எது கீழே என்று சொல்வது) போடவில்லை. ஒரே மட்டத்தில் இரண்டு சாலைகள் இணையாமல் வெட்டினால், உலாவியிலேயே வரைய உதவும் ஐடி (iD) எடிட்டர் எச்சரிக்கை காட்டும். இணைத்துவிடு, அல்லது பாலமாக்கு என்று வழியும் சொல்லும். அடுத்து வந்த புதியவர் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் ‘இணை’ என்பதை அழுத்திவிட்டார். படத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, வண்டி ஓட்டுபவருக்குத்தான் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாள் யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் புதியவரின் அதே சேஞ்ச்செட்டில், அதாவது ஒரே தடவையாகச் சேமித்த திருத்தங்களின் தொகுப்பில், இன்னொன்றும் இருந்தது. ஒரு சந்திப்பில் பழைய சாலையை அழித்துவிட்டுப் புதிதாக, அழகாக வரைந்திருந்தார். திரும்பத் தடை என்பது எந்தச் சாலையிலிருந்து, எந்தப் புள்ளி வழியாக, எந்தச் சாலைக்கு என்று மூன்றையும் கோர்த்த ரிலேஷன் (பல பொருள்களை இணைக்கும் பதிவு). சாலையை அழித்தால் அதில் ஒரு கண்ணி போய்விடும், தடையும் செத்துப்போகும். தயவுசெய்து சாலையை அழித்து வரையாதீர்கள், இருக்கும் கோட்டையே நகர்த்துங்கள். அதன் திருத்த வரலாறும் தங்கும்.

சேஞ்ச்செட்டின் கீழே விளக்கமாக, மரியாதையாக எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. அது போகட்டும், கருத்து வந்திருப்பதாகப் போகும் மின்னஞ்சலைப் புதியவர்கள் பலர் பார்ப்பதே இல்லை. எனக்கு வலித்தது அடுத்து நடந்தது. அனுபவமுள்ள இன்னொரு தன்னார்வலர் ஒரு வார்த்தை கேட்காமல் சேஞ்ச்செட் முழுவதையும் ரிவர்ட் செய்துவிட்டார், அதாவது எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டார். அந்தப் புதியவர் நடந்து பார்த்துச் சேர்த்த நடைபாதைகள், கட்டட வாசல்கள், படிக்கட்டுகள் எல்லாம் அதோடு போய்விட்டன. களத்துக்குப் போய்ச் சேகரித்த தகவல் அது, செயற்கைக்கோள் படத்தில் கிடைக்காது. இதற்குப் பிறகு ஒருவர் எப்படித் திரும்பி வருவார்?

நல்லவேளை, இங்கே பழைய பதிப்புகள் அழிவதில்லை. ஜோசம் எடிட்டரின் ரிவர்ட்டர் பிளகினில், தேர்ந்தெடுத்த பொருள்களை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் வசதி இருக்கிறது. அதை வைத்து நடைபாதைகளையும் வாசல்களையும் மீட்டேன். சில இடங்களில் வேறொருவர் மேலேயே திருத்தியிருந்ததால் முரண்பாட்டுப் பெட்டி வந்தது. அங்கே அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ‘என்னுடையது’, ‘அவர்களுடையது’ என்று முடிவெடுக்க வேண்டும். இருட்டிய பிறகு அந்த வேலைக்கு உட்காராதீர்கள். பொதுப் புள்ளி அந்த ரிவர்ட்டிலேயே பிரிந்திருந்தது, பாலத்துக்கு டேக்கும் லேயரும் போட்டது ஒரு நிமிட வேலைதான். திரும்பத் தடை மட்டும் சரியாகத் திரும்பவில்லை, அதைக் கையால் மறுபடி கட்டினேன்.

முழு ரிவர்ட் என்பது வேண்டுமென்றே நாசம் செய்தவர்களுக்கு. எடுத்துச் சொல்லியும் ஒருவர் நிறுத்தவில்லை என்றால், இப்படிப்பட்ட தகராறுகளைக் கவனிக்கும் டேட்டா ஒர்க்கிங் குரூப் என்ற குழுவிடம் சொல்லுங்கள். பூஜ்ய மணி நேரத் தடை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: உள்ளே வந்து செய்தியைப் படிக்காமல் அடுத்த திருத்தம் செய்ய முடியாது. வேறு வரைபடத்திலிருந்து பெயர்களை நகலெடுத்திருந்தாலும் அவர்களிடம்தான் போக வேண்டும். நாம் அழித்தாலும் பழைய பதிப்பில் அது இருக்கும், அதை மறைக்க அவர்களால்தான் முடியும்.

புதியவரிடமிருந்து பிறகு பதில் வந்தது. தன் படிக்கட்டுகள் திரும்பிவிட்டதைப் பார்த்தாராம். தான் இணைத்த மற்ற பாலங்களின் பட்டியலை அவரே அனுப்பினார், பாதியை அவரே பிரித்தும் விட்டார். மனம் நிறைந்துபோனது.

கடைசியாக ஒன்று. திருத்தியவுடன் குறிப்பை மூடிவிடாதீர்கள். தளத்திலேயே இரண்டு திசையிலும் வழி கேட்டுப் பாருங்கள், அதுவும் உடனே மாறாது. ஆஃப்லைன் செயலிகள் அடுத்த தரவு இறங்கும்வரை பழையதைத்தான் காட்டும். குறிப்பு போட்டவரிடம் இதைச் சொல்லிவிட்டே மூடினேன்.