ஐப்பசியில் ஒரு அப்டேட் நாட்குறிப்பு

12 அக்டோபர் 2025, ஞாயிறு. பாளையங்கோட்டை

விண்டோஸ் 10-க்கு இன்னும் இரண்டே நாள். 2015 ஜூலை 29-ல் வந்தது. வரும் 14-ஆம் தேதியோடு அதன் இலவசப் பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது. "அன்னைக்கோட சிஸ்டம் நின்னுருமா அண்ணாச்சி?" என்பதுதான் இந்த வாரம் எல்லார் கேள்வியும். நிற்காது. 15-ஆம் தேதி காலையிலும் எப்போதும் போல ஆன் ஆகும், பிரின்ட் எடுக்கும், கணக்குப் போடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மட்டும் ஆள் வராது. இணையத்தில் இருக்கும் மிஷினுக்கு அது மாதா மாதம் கூடிக்கொண்டே போகும் ஆபத்து. இணையமே இல்லாத மிஷினுக்கு அவ்வளவு இல்லை.

விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்க மூன்று இடம் போதும். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி "டிபிஎம்.எம்எஸ்சி" என்று ஆங்கிலத்தில் அடித்தால் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் பதிப்பு தெரியும், 2.0 வேண்டும். "எம்எஸ்இன்ஃபோ32" அடித்தால் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) மோடு பழைய லெகஸியா புதிய யூஇஎஃப்ஐயா என்று தெரியும், யூஇஎஃப்ஐ வேண்டும். மூன்றாவது பிராசஸர்: இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். முதல் இரண்டையும் பயாஸுக்குள் போய்ச் சரிசெய்ய வாய்ப்புண்டு. டிபிஎம், இன்டெல் போர்டில் "பிடிடி", ஏஎம்டி போர்டில் "எஃப்டிபிஎம்" என்ற பெயரில் அணைந்து கிடக்கும். மூன்றாவதை ஒன்றும் செய்ய முடியாது.

மனசு ஆறாதது அங்கேதான். 2016-ல் வாங்கிய 6-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி: வீட்டு வேலைக்கு இன்றும் தாராளம். அதைப் பழசு என்று தள்ளுவது அதன் வேகம் அல்ல, மைக்ரோசாஃப்டின் பிராசஸர் பட்டியல் ஒன்று.

பட்டியலை ஏமாற்றி 11-ஐ ஏற்றும் வழிகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய மிஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதி கிடையாது என்பதை நிறுவனமே சொல்லிவிட்டது. கோர் 2 டுவோ காலத்து மிஷினில் ஏமாற்றும் வேலையும் பலிக்காது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்ற பிராசஸர் கட்டளைகள் கட்டாயம்; அவை இல்லாவிட்டால் விண்டோஸ் தொடங்கவே செய்யாது.

இன்னொன்று. விண்டோஸ் 11 நிறுவ பென் டிரைவ் தயாரித்துத் தரும் கருவி மீடியா கிரியேஷன் டூல். செப்டம்பர் 29-ல் வந்த அதன் பதிப்பு, விண்டோஸ் 10-ல் திறந்தால் பிழைச் செய்திகூடக் காட்டாமல் மூடிக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட பிழை இது. 10-லிருந்து 11-க்குப் போகிறவனுக்கென்றே இருக்கும் கருவி, கெடு முடியும் வாரத்தில் 10-ல் ஓடாமல் கிடப்பது எவ்வளவு பொறுப்பின்மை! இப்போதைக்கு விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை நேரடியாக இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொள்ளலாம்.

14 அக்டோபர், செவ்வாய்

விண்டோஸ் 10-ன் பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அதற்கு இஎஸ்யூ என்று பெயர். 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "என்ரோல் நவ்" வந்திருக்கும். மூன்று வழி: செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் இலவசம், மைக்ரோசாஃப்ட் தரும் பரிசுப் புள்ளிகளான ரிவார்ட்ஸில் 1,000, அல்லது 30 டாலர் அளவுக்குக் கட்டணம். எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தே ஆக வேண்டும். பத்து மிஷின் வரை ஒரே கணக்கில் சேர்க்கலாம். வீட்டில் இரண்டு மூன்று இருந்தால் மறக்காதீர்கள்.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு பேக்கப் நிபந்தனை இல்லாமலே இலவசம். திருநெல்வேலிக்காரருக்கு அது இல்லை. அங்கே கேள்வி கேட்க அமைப்புகள் இருந்தன, கேட்டன, கிடைத்தது. இங்கேயும் கேட்க வேண்டும்.

"செட்டிங்ஸ் பேக்கப்" வேறு, "ஃபோல்டர் பேக்கப்" வேறு. இரண்டாவதையும் சேர்த்து ஆன் செய்துவிட்டால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் இடம் மாறும். இலவச இடம் 5 ஜிபிதான். ஒரு கல்யாண ஆல்பத்துக்கே பத்தாது. நிறைந்ததும் "இடம் வாங்குங்கள்" என்ற நச்சரிப்பு தொடங்கும். நிறுத்த: கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள மேகப் படம், செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப், மூன்றையும் அணைக்கவும். பிறகு டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். பழைய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். ஃபோல்டர் பேக்கப் அணைந்திருந்தாலும் இஎஸ்யூ நிலைக்கும்.

18 அக்டோபர், சனி. ஐப்பசி 1

இனி அடைமழைக் காலம். அப்டேட் கெடுவதற்கு நம் பக்கத்தில் முதல் காரணம் கரண்ட்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு காலை 9 மணியிலிருந்து மதியம் வரை நிறுத்துவது முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். இடி மின்னலோடு போகிற கரண்டுக்கு அறிவிப்பு கிடையாது. அப்டேட்டில் இரண்டு கட்டம் உண்டு. இறக்கி விரித்துவைப்பது முதல் கட்டம். அதில் கரண்ட் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நீலத் திரையில் சதவீதம் ஓடுவதுதான் இரண்டாம் கட்டம். சிஸ்டம் கோப்புகளும், அமைப்புகளின் பதிவேடான ரிஜிஸ்ட்ரியும் மாற்றி எழுதப்படும் நேரம் அது. அப்போது அணைந்தால், அடுத்த முறை "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்று சுற்றும். சுற்றட்டும். ஹார்ட் டிஸ்க் மிஷினில் ஒரு மணி நேரம்கூட ஆகும். டிஸ்க் விளக்கு மினுங்கும் வரை பவர் பொத்தானைத் தொடக்கூடாது. பொறுமை இழந்து மறுபடி அணைப்பதால் செத்த மிஷின்களே அதிகம்.

600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று. புதிதாக இருக்கையில் சாதாரண டெஸ்க்டாப்பை மானிட்டரோடு பத்து பதினைந்து நிமிஷம் தாங்கும். மூன்று வருஷம் ஆனால் இரண்டு நிமிஷத்துக்கே முனகும். எஸ்எஸ்டி இருந்தால் மாதாந்திர அப்டேட்டின் நீலத் திரை பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் முடியும், அதற்கு யூபிஎஸ் போதும். ஹார்ட் டிஸ்க் என்றால் இருபது நிமிஷம், போதாது. வருஷாந்திரப் பெரிய அப்டேட்டுக்கு எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் துணை இல்லை.

வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதிலுள்ள சின்ன சுவிட்சைப் பாருங்கள்: யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு. கணினிக்குள் மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, மின்சாரம் அற்றுப்போனபின் சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். யூபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிடும். நார்மல் மோடில் 40 மில்லி செகண்ட் வரை எடுக்கலாம். ஃபேன் நிற்காமல் சுற்றும், ஆனால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு சங்கடம் உண்டு. யூபிஎஸ் மோடு சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே பேட்டரிக்குத் தாவும். சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லோ வோல்டேஜ் இருக்கும் தெருக்களில் பேட்டரி அடிக்கடி இறங்கும். அங்கே நார்மல் மோடில் வைத்து, கணினிக்கு மட்டும் தனி யூபிஎஸ் போடுவதுதான் சரி.

இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்குவது எல்லாருக்கும் தெரியும். ரூட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்க வேண்டும். மதர்போர்டுகள் பல அந்த வழியாகத்தான் கெட்டுப்போகின்றன.

21 அக்டோபர், செவ்வாய்

தீபாவளிக்கு முந்தின வாரம் விண்டோஸ் 11-க்கு வந்த அக்டோபர் அப்டேட், கேபி5066835, கெட்ட சிஸ்டத்தைச் சரிசெய்யும் ரெக்கவரித் திரையில் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் முடக்கிவிட்டது. விண்டோஸுக்குள் இரண்டும் வேலை செய்யும். சிஸ்டம் கெட்டு, சரிசெய்யப் போகும் அந்த ஒரு திரையில் மட்டும் வேலை செய்யாது. நேற்று 20-ஆம் தேதி கேபி5070773 என்று அவசரத் திருத்தம் வெளியிட்டிருக்கிறார்கள். அதை முதலில் போடுங்கள். ஏற்கெனவே ரெக்கவரித் திரையில் மாட்டியவர்களுக்கு, பழைய பிஎஸ்/2 குண்டு பிளக் கீபோர்டு இருந்தால் அது வேலை செய்யும். இல்லையென்றால் விண்டோஸ் எழுதிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, அதாவது பூட் செய்து, "ரிப்பேர்" போகலாம். இதனால்தான் வீட்டில் ஒரு பூட் பென் டிரைவ் எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்வது.

விண்டோஸ் 11-ன் 24எச்2-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. திறவுகோல் 48 இலக்கம், அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். பயாஸ் மாற்றினாலோ போர்டு போனாலோ அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் படங்கள் போனது போனதுதான். இன்றே தாளில் எழுதி, பத்திரமும் ஈபி அட்டையும் இருக்கிற பெட்டியில் வைக்கவும்.

26 அக்டோபர், ஞாயிறு

தமிழ் எழுத்துரு. அப்டேட் பேச்சில் யாரும் தொடாதது, நம்மவர்களை அதிகம் அழவைப்பது.

விண்டோஸ் 10 தொட்டு லதா, விஜயா இரண்டும் கட்டாயப் பட்டியலில் இல்லை. நிர்மலா மட்டும் இருக்கும். பழைய விண்டோஸிலிருந்து புதிதாக நிறுவியதும் லதாவில் அடித்த கோப்புகள் வேறு எழுத்துருவில் திறந்து, வரி உடைந்து, ஒரு பக்கம் இரண்டாகும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் "தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்" சேர்த்தால் இரண்டும் திரும்பிவிடும்.

பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களின் விஷயம் இதைவிடக் கஷ்டம். அவை எல்லா மிஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டவை. எழுத்துரு இல்லாத மிஷினில் கோயில் கொடை நோட்டீசும் பாகப்பிரிவினை நகலும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினியில் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். அதைக் கெட்ட கோப்பு என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கெடவில்லை. எழுத்துருவைப் போட்டால் வந்துவிடும்.

ஆகவே எதை ஃபார்மேட் செய்தாலும் முதலில் எழுத்துருக்களை எடுக்கவும். இரண்டு இடம். ஒன்று சி டிரைவில் விண்டோஸ், ஃபான்ட்ஸ். மற்றது பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். 2018 இறுதிப் பதிப்பிலிருந்து, ஒரு பயனருக்கு மட்டும் நிறுவும் எழுத்துரு இந்த இரண்டாம் இடத்துக்குத்தான் போகிறது. முதலிடத்தை மட்டும் எடுத்தவர்கள் பாதியைத் தொலைத்தார்கள். அப்படியே முக்கியமான ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தோடு ஒரு பிடிஎஃப்பும் வைத்துவிடுங்கள். யூனிகோடு மாற்றியில் போட்டபின் "ஸ்ரீ", கிரந்த எழுத்து, கொம்பு மூன்றையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை பார்க்கும் பழைய டிடிபி மிஷினா? அதை அப்டேட் செய்யாதீர்கள், இணையத்திலும் விடாதீர்கள். பென் டிரைவ் மட்டும் போய் வரட்டும், அதையும் வேறு மிஷினில் சோதித்த பிறகு.

2 நவம்பர், ஞாயிறு

11 ஏறாத மிஷினுக்கு, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22. அடிப்படை உபுண்டு 24.04, ஆதரவு 2029 வரை. 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் "பாஸ்" என்ற லினக்ஸ் கூடவே வந்ததால், நம் பிள்ளைகள் பலருக்கு இது முற்றிலும் புதிதல்ல.

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். நான்கு சோதனை: வைஃபை, சத்தம், பிரின்டர், தமிழ். தமிழில் அடிக்க உதவும் ஐபஸ்ஸும் எம்17என் தொகுதியும் போட்டால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்றும் வரும். எச்பி 1020 போன்ற பிரின்டர்களுக்கு எச்பிலிப் என்ற எச்பி பிரின்டர் மென்பொருளின் கூடுதல் பிளகின் வேண்டும். இல்லாவிட்டால் பிரின்டர் பெயர் தெரியும், தாள் நகராது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து ரிட்டர்ன் தாக்கல் செய்கிறவர்கள் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் மாறாதீர்கள்.

பிடித்தது: அப்டேட் மேனேஜர் கேட்காமல் எதையும் நிறுவாது, ரீஸ்டார்ட் செய் என்று கழுத்தைப் பிடிக்காது. சிஸ்டத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே ஆன் செய்தால், கெட்டுப்போன அப்டேட்டிலிருந்து நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். அது சிஸ்டத்தை மட்டும் காக்கும். உங்கள் படங்களை அல்ல.

12 நவம்பர், புதன்

மாத அப்டேட் வருவது அமெரிக்கப் பசிபிக் நேரக் கணக்கில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் காலை 10 மணி. நமக்கு இரவு 10.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதால் இப்போது 11.30. மிஷினை ஆனில் விட்டுப் படுத்தால் ராத்திரியோடு இறங்கி, காலையில் வேலை நடுவே ரீஸ்டார்ட் கேட்கும். நேற்று விண்டோஸ் 10-க்கு இரண்டு வந்தன. ஒன்று இஎஸ்யூவில் சேர்ந்தவர்களுக்கான முதல் பாதுகாப்பு அப்டேட். மற்றது கேபி5071959, சேரப் போய்ப் பாதியில் நின்றவர்களுக்கான திருத்தம். முன்பு "என்ரோல்" அழுத்திப் பலிக்காமல் விட்டவர்கள் இதைப் போட்டு மறுபடி முயலவும்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீடுகளில், டேட்டா அளவானது என்று விண்டோஸுக்குச் சொல்ல, அந்த வைஃபை பெயரின் கீழ் "மீட்டர்ட் கனெக்‌ஷன்" ஆன் செய்யவும். ஒரு நாளைய 1.5 ஜிபியை அப்டேட்டே தின்றுவிடும். அப்டேட்டைக் கணினிகளுக்கிடையே பகிரும் டெலிவரி ஆப்டிமைசேஷனில் "இணையத்திலுள்ள கணினிகள்" தேர்வாகியிருந்தால் உங்கள் டேட்டா யார் யாருக்கோ போகும், அதை அணைக்கவும். தானாக ரீஸ்டார்ட் ஆகக்கூடாத நேரமான ஆக்டிவ் ஹவர்ஸை 18 மணி நேரம் வரை வைக்கலாம்: காலை 6 முதல் இரவு 12. அப்டேட்டைத் தள்ளிவைக்கும் "பாஸ்" பொத்தானுக்கு அதிகபட்சம் 35 நாள். பாஸ் போட்டுவிட்டு மறந்தால் கெடு முடிந்த அன்று அது தன் இஷ்டத்துக்கு நுழையும். ஐந்தாறு நாள் பொறுத்து, மற்றவர்களுக்கு என்ன கெட்டது என்று பார்த்துப் போடுவதற்குத்தான் பாஸ்.

அடுத்தது டிசம்பர் 9 இரவு. 14, ஞாயிற்றுக்கிழமை காலை, மழை இல்லாவிட்டால்: படங்களை வெளி டிஸ்கில் நகலெடுத்து, டிஸ்கைக் கழற்றி வைத்து, சி டிரைவில் 20 ஜிபி காலி இருக்கிறதா என்று பார்த்து, யூபிஎஸ் பிளக்கை ஒரு தடவை பிடுங்கிச் சோதித்து, பிறகு "ரீஸ்டார்ட் நவ்".