மக்கன் பேடா பெட்டிக்கு ஒரு தடித்த எழுத்து

அத்தை வீட்டிலேயே செய்து விற்கும் ஆற்காடு மக்கன் பேடாவுக்குப் புதுப் பெட்டி வேண்டுமாம். மூடியில் வரும் ஆங்கிலப் பெயருக்கு அப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற எழுத்துருவை எடுத்துக்கொண்டேன். டைப்டுகெதர் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்டது, இலவசமாகவே கிடைக்கிறது. நிமிர்ந்த கோடுகள் கன்னங்கரேலென்று பருத்து நிற்கும். படுக்கைக் கோடுகளும், முனைகளில் குறுக்கே ஓடும் செரிஃப்களும் மயிரிழைதான். வளைவு முடியும் இடங்களில் உருண்டையாக ஒரு குமிழ். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806இல். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் லண்டனில் ராபர்ட் தோர்ன் போன்ற அச்செழுத்து வார்ப்பவர்கள் இந்தப் பருத்த வகையை வார்க்கத் தொடங்கினார்கள். லாட்டரி விளம்பரங்கள் இதை அள்ளிக்கொண்டன. தெருவில் போகிறவனை நிறுத்துவதற்கென்றே பிறந்த எழுத்து. பலகாரப் பெட்டிக்கு வேறென்ன வேண்டும்?

அதில் தமிழ் இல்லை. ஆகவே ‘மக்கன் பேடா’வை நானே அதன் சாயலில் வரைந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் அதே விதியை அப்படியே பொருத்திப் பார்த்தேன்: நிமிர்ந்தது தடிப்பு, படுத்தது மெலிவு. ‘ம’ அழகாக வந்தது. ‘டா’வில்தான் வினை. ‘ட’ என்பதே ஒரு நிமிர்ந்த கோடும் அடியில் ஒரு படுக்கைக் கோடும்தான். அடிக்கோட்டை மயிரிழையாக்கியதும் எழுத்தே கரைந்துவிட்டது. அத்தை தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னப்பா, பேடாவுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பம் நட்டிருக்கிறாய்?” என்றார். சரியான விமர்சனம். இப்போது அடிக்கோட்டுக்குத் தடித்த கோட்டில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறேன். கவர்ச்சி சற்றுக் குறைந்தது. ‘ட’ திரும்பி வந்துவிட்டது.

அடுத்தது குமிழ். ‘க்’, ‘ன்’ இரண்டின் தலையிலும் ஏற்கெனவே புள்ளி இருக்கிறது. எழுத்தின் மேல்முனையில் அலங்காரத்துக்கு இன்னொரு உருண்டை வைத்தால், படிப்பவர் எதைப் புள்ளி என்று கொள்வார்? ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இடாமல் எழுதினார்கள்; படித்தவர்கள் கெட்டிக்காரர்கள். பேடா வாங்க வருபவரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே குமிழ்களை எல்லாம் எடுத்துவிட்டு, புள்ளியையே பெரிதாக, முழு வட்டமாக வரைந்தேன். ஆங்கிலக் குமிழ்களுக்கு அதுவே சரியான ஜோடி.

வேலூர் லாங் பஜார் பக்கம் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடம் மாதிரியைக் காட்டினேன். இரண்டு சுழி ‘ன’வின் உள்ளே இருக்கும் வெற்றிடம் மை இறங்கி அடைத்துக்கொள்ளும், இன்னும் திறந்து விடுங்கள் என்றார். திறந்ததில் ‘ன’ மட்டும் மற்ற எழுத்துகளைவிட அகலமாகிவிட்டது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எடை, விலை, தயாரித்த தேதி எல்லாவற்றையும் இதே எழுத்தில் போடச் சொல்லி அத்தை பிடிவாதம் பிடிக்கிறார். சிறிய அளவில் இது மைக்கறையாகத்தான் தெரியும். அவற்றுக்குச் சாதாரண மெல்லிய எழுத்துதான். ‘ஆற்காடு’ மட்டும் பாக்கி. ‘ஆ’வின் அடிச்சுழி வசப்பட்டதும் பிலிம் எடுக்கக் கொடுத்துவிடுவேன்.