மூக்குக்கு வேலை

"அண்ணா, பிரேக்க நம்பாதீங்க. கியர நம்புங்க."

குன்னூர் பக்கம் காட்டேரிங்குற ஊர் இறக்கத்துல டிரைவிங் ஸ்கூல் தம்பி சொன்னது. என் மூத்தவன் வயசுதான் இருக்கும்.

அவன் வாய் திறக்குறதுக்குள்ள பிரேக் லைனிங் தீயுற வாடை எனக்குத் தட்டிருச்சு. டீ ஃபேக்டரியில நொறுக்குன இலைய ஆறப் போடுற ஃபெர்மென்டிங்ல பதம் பார்த்த மூக்கு இது. பச்சை வாடை அடங்கி, பழ வாசம் லேசா எழும்பும். அந்த நேரம் இலைய டிரையருக்குத் தள்ளிரணும்.

ஃபேக்டரி மூடுனப்ப வயசு 48. போற இடமெல்லாம் "சூப்பர்வைசரா இருந்தவரு, இது ஒத்து வருமா சார்?"ங்குறாங்க. வயசுன்னு நேரா சொல்லித் தொலைக்கலாம்.

மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ளன்னா, கார் லைசென்ஸ்லயே சரக்கு வண்டி ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கேத்தியில ஒரு கேரட் வியாபாரி, "லைசென்ஸோட வாங்க, மேட்டுப்பாளையம் லோடு இருக்கு"ன்னிருக்காரு.

கேரட் சும்மா கிடைக்குமான்னு வீட்டுல இப்பவே விசாரணை.